முட்டிக்கு அடியில் தலையணை

நான் பஸ்ஸிலிருந்துதான் விழுந்தேன். ஆனால் பஸ் ஓட்டும்போது விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வரைக்கும் 'துரைக்கண்ணு வண்டியைக் கவுத்துட்டானாம்' என்று ஒரு பேச்சு ஓடிவிட்டது. பத்தொன்பது வருஷமாக இந்த மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடிக்கிறேன். ஒரு ஆட்டுக்குட்டி மேல்கூட ஏற்றியதில்லை.

அது ஜூன் மாதம், பலாப்பழ சீசன், மழை தூறிக்கொண்டிருந்தது. காவலூர் ஸ்டாப்பில் கண்டக்டர் மணிவேல் கீழே நின்று வாங்க, நான் கூரை மேலிருந்து பழங்களை இறக்கிக் கொடுத்தேன். டிரைவருக்கு அந்த வேலை கிடையாது. நேரமாகிறதே என்று நானாக ஏறினேன். இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கி, இடது முட்டி நேராகப் போய்க் கல்லில் மோதியது. முட்டிக்குக் கீழே இருக்கும் எலும்பின் தலைப்பாகம் உடைந்து உள்ளே அமுங்கிவிட்டது என்றார்கள். வேலூரில் ஆபரேஷன். ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். ஆறு வாரம் இந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, ஆனால் படுத்தபடியே தினமும் மூன்று வேளை மடக்கி நீட்ட வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. என் சம்சாரம் அமுதவல்லி அதைப் பத்திரமாக மடித்து ஆதார் கார்டுகளோடு பீரோவில் வைத்தாள். ரொம்பவே பத்திரம். ஆறு வாரம் அதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

எடுக்க நேரம் எங்கே? எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைப் போய்ப் பார்ப்பது பெரிய கடமை. கல்யாணத்துக்கு வராததை மன்னித்துவிடுவார்கள். இதற்கு வராததை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதற்கென்று ஒரு முறையும் உண்டு. வருகிறவர் ரொட்டியோ ஆப்பிளோ வாங்கி வர வேண்டும். அடிபட்டவன் படுத்திருக்க வேண்டும். அவன் எழுந்து உட்கார்ந்திருந்தால் வந்தவருக்கு முகம் சுண்டிவிடும். காசு செலவழித்து பஸ் ஏறி வந்தோம், இவன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று தோன்றிவிடும்.

சாதாரண ஆளுக்குப் பத்து வீட்டுக்காரர்கள் வந்தால் முடிந்தது. நானோ பஸ் டிரைவர். வழியில் இருக்கிற அத்தனை ஊரும் எனக்கு வேண்டிய ஊர்தான். காலையில் எட்டு மணிக்குத் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். அமுதவல்லி ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"இன்னாங்க, படுங்க, படுங்க. காவலூர்காரங்க வர்றாங்க."

நான் படுத்துக்கொள்வேன். முகத்தையும் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. பத்தொன்பது வருஷம் முதுகைக் காட்டியே ஓட்டியவனுக்கு எல்லோரும் முன்னால் வந்து முகம் பார்த்துப் பேசுவது சந்தோஷமாகத்தானே இருக்கும்.

காவலூரிலிருந்து கீரைக் கூடையோடு தினமும் எங்கள் பஸ்ஸில் ஏறும் கெங்கம்மாள், ரொட்டிக்குப் பதில் ஒரு தலையணை கொண்டுவந்தாள். இலவம்பஞ்சு. அவள் வீட்டு மரத்துப் பஞ்சு.

"முட்டிக்கு அடியில வெச்சிக்கோ டிரைவரே. சொகமா இருக்கும். கால ஆட்டாத, அப்டியே வுட்டுடு" என்று அவளே காலைத் தூக்கி வைத்தாள். சுகமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தலையணையைக் கொஞ்சம் மேலே தள்ளி, கொஞ்சம் உயர்த்தி, இரண்டாவதாக ஒன்றையும் சொருகிவிட்டுப் போனார்கள்.

ஆறு வாரம் கழித்து வேலூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு அருமையாகக் கூடியிருந்தது. டாக்டர் காலை நீட்டச் சொன்னார். நீட்டினேன். "நீட்டுங்க" என்றார் மறுபடியும். நீட்டித்தான் இருந்தேன். அது நீண்டது அவ்வளவுதான். கட்டிலில் குதிகால் பட்டால் முட்டி கூடாரம் போட்டு நின்றது. மடக்கச் சொன்னார், அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

"முட்டிக்கு அடியில தலையணை வெச்சீங்களா?" என்றார் டாக்டர்.

அமுதவல்லி பெருமையாக "ரெண்டு வெச்சோம் சார்" என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். ஒரு சீட்டு எழுதினார். அதை வைத்துத்தான் கீதாஞ்சலி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

கீதாஞ்சலி பிசியோதெரபிஸ்ட். படவேட்டுப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். வீடுவீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் ஸ்கூட்டரில் வருவாள். முதல் நாள் செருப்பைக் கழற்றியதும் அவள் செய்த முதல் காரியம், என் காலுக்கு அடியிலிருந்த இரண்டு தலையணையையும் உருவி அமுதவல்லி கையில் கொடுத்தது.

"இது இனிமே வேணாங்க்கா. காலு சும்மா கெடக்கும்போது எப்டி கெடக்குதோ அப்டியே ஒறைஞ்சி போய்டும். ஆறு வாரமா மடங்கியே கெடந்துருக்குது. உள்ள சதை, ஜவ்வு எல்லாம் அந்த அளவுக்கே சுருங்கிப் போச்சி."

பிறகு பிளாஸ்டிக்கில் இரண்டு கை வைத்த ஒரு அளவுகோலை முட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். நேராக நீட்ட இருபத்தைந்து டிகிரி குறைவு. மடக்க எழுபதுதான் வருகிறது. நோட்டில் எழுதிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இன்னா வேலைக்குத் திரும்பணும்ணா?"

"கிளட்ச் மிதிக்கணும்" என்றேன்.

"சரி. மொதல்லயே சொல்லிட்றேன், அப்பால என்ன ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது. வலிக்கும். ஆனா வலியில ரெண்டு கீது. ஒண்ணு இழுக்கிற வலி. பயிற்சி முடிஞ்சி ஒரு மணி நேரத்துல அடங்கிடும். அது வரட்டும், பயப்படாதீங்க. இன்னொண்ணு மறுநாள் காலீலயும் இருக்கும், முட்டி வீங்கி சூடா இருக்கும். அது நாம பண்ண தப்பு. ஒடனே எனக்கு போன் பண்ணணும். சில வாரம் ஒரு டிகிரிகூட நவராது. அப்போ என்னத் திட்டுவீங்க, திட்டிக்கோங்க. நான் வாரத்துக்கு ரெண்டு நாளு தான். மீதி அஞ்சு நாளும் நீங்க தான். நான் வந்து அமுக்கி நேராக்கிடுவேன்னு நெனச்சீங்கன்னா, இப்பவே சொல்லிடுங்க, போய்ட்றேன்."

"பழைய மாதிரி ஆய்டுமா?"

"தெரியாது" என்றாள்.

ஆறு வாரமாக என் கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் 'எல்லாம் சரியாய்டும்' என்றே சொல்லியிருந்தார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவளை நம்பலாம் என்றும் அப்போதுதான் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஸ்கூட்டரில் வரவில்லை, பஸ்ஸில் வந்தாள். எங்கள் பஸ்ஸுக்குக் கவியா என்று பெயர். முதலாளி சதீஸ்குமாருடைய மகளின் பெயர். காலை எட்டு நாற்பதுக்கு ஆலங்காயத்தில் எடுத்தால் காவலூர் வழியாக மலை ஏறி ஜமுனாமரத்தூர் வந்து சேரும். எனக்குப் பதிலாக அன்பரசன் என்று மலைக்குக் கீழேயிருந்து வந்த டிரைவர் ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். என் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின மேட்டில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. முதல் கியர் போட வேண்டிய இடத்தில் அவன் இரண்டாவதிலேயே இழுப்பான். வண்டி முக்கும். நான் கட்டிலில் படுத்தபடி பல்லைக் கடிப்பேன்.

"டிரைவர் பக்கத்துல ஒக்காந்து எண்ணினேன்ணா" என்றாள் கீதாஞ்சலி. "ஆலங்காயத்துல எடுத்து இங்க நிறுத்துற வரைக்கும் எரநூத்தி அறுபத்தெட்டு தடவ கிளட்ச் மிதிக்கிறாரு."

"அவன் எரநூத்தி அறுபத்தெட்டா? நான் ஓட்டுனா முந்நூறு தாண்டும். அவன் கியரே மாத்துறதில்ல!" என்றேன்.

"அப்போ முந்நூறுன்னே எழுதிக்கிறேன்" என்று எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பயிற்சி. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டிக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் தொங்கவிட வேண்டும். முட்டிமேல் இரண்டு கிலோ சாமையைப் பையில் கட்டி வைப்பாள். பத்து நிமிஷம். முதல் நிமிஷம் ஒன்றும் தெரியாது. நான்காவது நிமிஷம் தொடைக்குப் பின்னால் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். ஏழாவது நிமிஷம் நான் கீதாஞ்சலியின் வம்சத்தையே மனசுக்குள் திட்டி முடித்திருப்பேன். அதற்குப் பிறகு தொடைச் சதையை இறுக்கிப் பிடிப்பது, காலை நேராகத் தூக்குவது, சுவரில் சாய்ந்து மெல்ல இறங்குவது. கடைசியாக, பழைய டயர் டியூபைக் கட்டில் காலில் கட்டிப் பாதத்தால் மிதிப்பது. ஒரு நாளைக்கு மூன்று வேளை.

மூன்று வேளை என்று சொல்வது சுலபம். சாமைப் பையை வைத்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, அமுதவல்லியின் குரல் வரும். "இன்னாங்க, ஆளு வர்றாங்க, படுங்க!" பை ஒரு பக்கம், டியூப் ஒரு பக்கம் கட்டிலுக்கு அடியில் போகும். நான் படுத்துக்கொள்வேன். வந்தவர்கள் இருந்து, டீ குடித்து, தங்கள் மச்சானுக்குக் கால் உடைந்த கதையைச் சொல்லிவிட்டுப் போக ஒரு மணி நேரம் ஆகும். போகும்போது மறக்காமல் தலையணையைத் தேடி எடுத்து முட்டிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இரண்டு வாரம் கழித்து அளந்தாள். இருபத்தைந்து இருபத்துமூன்று ஆகியிருந்தது.

"மூணு வேளையும் பண்ணீங்களா?"

"பண்ணேன்" என்றேன்.

"பண்ணல" என்றாள் அமுதவல்லி. "எப்டிங்க பண்ண முடியும்? வூட்டுக்கு மனுசங்க வந்துகினே கீறாங்க. வந்தவங்க முன்னாடி கால ஆட்டிகினு கெடந்தா இன்னா நெனப்பாங்க?"

கீதாஞ்சலி என்னைத் திட்டவில்லை. அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டாள். "சதை இப்டியே இறுகி ஒரு அளவுக்கு மேல போய்ட்டா, அப்பால நான் வந்தும் பிரயோஜனம் இல்லண்ணா. இன்னும் ரெண்டு மாசம் தான் டைம். ஒங்க முட்டியா, அவங்க ரொட்டியான்னு நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஒரு சின்னப் பெண் என் வீட்டுக்கே வந்து இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறாள், அதுவும் நியாயமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அன்று மாலை அமுதவல்லியைக் கூப்பிட்டேன்.

"இனிமே எவன் வந்தாலும் நான் படுக்க மாட்டேன். கலெக்டரே வந்தாலும் படுக்க மாட்டேன். நான் பாட்டுக்கு என் வேலையப் பாப்பேன். பாக்கறவங்க பாத்துட்டுப் போவட்டும்."

"ஊரு பேசும்."

"பேசட்டும். ஊரா வந்து கிளட்ச் மிதிக்கப் போவுது?"

அடுத்த நாள் முதலில் வந்தவள் கெங்கம்மாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா டிரைவரே, எழுந்து நின்னுகினு கீற!"

"வாம்மா, ஒக்காரு. இன்னும் பதினோரு தடவ கீது, முடிச்சிட்டுப் பேசறேன்."

"நல்லாத்தான கீற நீ?" என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. ஏதோ ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. டீ கூடக் குடிக்காமல் போனாள். கூடையோடு தன் தலையணையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலைக்குள் பேச்சு கவியாவில் ஏறிவிட்டது. துரைக்கண்ணு ஜம்மென்று நிற்கிறான், நடக்கிறான், முதலாளியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் கூத்தடிக்கிறான். காவலூரில் ஏறிய பேச்சு ஆலங்காயத்தில் இறங்கும்போது நான் மரம் ஏறி பலாப்பழம் பறிப்பதாக ஆகியிருந்தது. மணிவேல்தான் வந்து சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு டியூபை நூற்று இருபது தடவை மிதித்தேன். ஆத்திரமும் ஒரு விதத்தில் மருந்துதான்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, கொடியேற்றி முடித்த கையோடு, முதலாளி சதீஸ்குமார் காரில் வந்து இறங்கினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அப்பா காலத்து பஸ்ஸை இப்போது அவர் பார்க்கிறார். கெட்ட மனிதர் இல்லை. கையில் ஆப்பிள் பை இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து, முட்டிமேல் சாமைப் பையோடு இருந்தேன். எழுந்திருக்கவில்லை. படுக்கவும் இல்லை.

"டிரைவரே, ஒங்களப் பத்தி ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்க."

"தெரியும் மொதலாளி."

"நடக்கிறீங்க, நிக்கிறீங்க. அப்போ திங்கக்கெழமை வண்டி எடுங்களேன். முடியலன்னா சொல்லுங்க, அதுவும் தப்பு இல்ல. அன்பரசன் ஒண்ணாந்தேதியிலருந்து நிரந்தரமா கேக்கிறான். ஒங்களுக்கு ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுல டைம் பாக்கிற வேலை போட்டுத் தர்றேன். நாற்காலி போட்டு ஒக்காந்துகினு, வண்டி வர்ற நேரம் போற நேரம் எழுதினா போதும். சம்பளமும் கொறைக்க மாட்டேன்."

நாற்காலி. பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, என் பஸ் இன்னொருவன் கையில் முக்கிக்கொண்டு வருவதையும் போவதையும் நோட்டில் எழுத வேண்டும். அவர் அன்பாகத்தான் சொன்னார். தலையணை கொண்டுவந்தவர்களும் அன்பாகத்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்த அன்பு மேலேயே வெறுப்பு வந்தது.

"திங்கக்கெழமை எடுக்க மாட்டேன்" என்றேன். "இந்தக் காலு இன்னும் பத்து டிகிரி நீளணும். கிளட்ச் பாதிதான் எறங்கும். பாதி கிளட்ச்ல கொண்டை ஊசி வளைவுல கியர் மாத்தினா அறுவது பேரும் பள்ளத்துல. ஊரு வாய மூடறதுக்கு நான் அதப் பண்ண மாட்டேன். நாற்காலியும் வேணாம். செப்டம்பர் ஒண்ணாந்தேதி ஆலங்காயத்துலருந்து எட்டு நாப்பது வண்டிய நான் எடுக்கறேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து வாங்க. ஒரு எடத்துல கியர் கரகரன்னா, அங்கியே எறங்கிட்றேன். சாவிய அன்பரசன்கிட்ட நானே குடுத்துட்றேன்."

அவர் சாமைப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணாந்தேதி தான் கடைசி" என்றார்.

பதினேழு நாள் இருந்தது. எனக்குப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை, மூன்று வேளையை ஆறு வேளை ஆக்கினேன். இரண்டு கிலோவை நாலு கிலோ ஆக்கினேன். மூன்றாம் நாள் காலை முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, தொட்டால் சுட்டது. போன் போட்டேன். கீதாஞ்சலி வந்து பார்த்துவிட்டு, முதல் முறையாகக் கத்தினாள்.

"ஸ்டியரிங் பிடிக்கத் தெரியுது, பிரேக் பிடிக்கத் தெரியாதா ஒங்களுக்கு? மலை எறங்கும்போது இப்டித்தான் ஓட்டுவீங்களா?"

நாலு நாள் ஐஸ் மட்டும். பதினேழில் நாலு நாள் போனது. அந்த நாலு நாளும் பஸ் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. அமுதவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பீரோவிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துவந்திருந்தாள்.

"இத நான் உள்ள வெச்சிப் பூட்டாம இருந்துருந்தா ஒங்க காலு இந்நேரம் நீண்டுருக்கும்" என்றாள். "இனிமே எவளாவது வூட்டுக்குள்ள வந்து கால ஆட்டாதன்னு சொல்லட்டும், நான் பாத்துக்கிறேன்." தாளைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். மறுநாளிலிருந்து வாசலில் முறத்தோடு உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களை வாசலிலேயே உட்காரவைத்து, ரொட்டியை வாங்கிக்கொண்டு, டீ கொடுத்து அனுப்பினாள்.

வீக்கம் வடிந்ததும் சொன்னபடி செய்தேன். மூன்று வேளை, இரண்டு கிலோ, அதற்கு மேல் ஒரு தடவை இல்லை, கீழே ஒரு தடவை இல்லை. பதிமூன்று என்றாள். பிறகு ஒன்பது. பிறகு ஐந்து. மடக்குவது நூற்றுப் பதினைந்து வந்துவிட்டது. ஐந்தில் வந்து நின்றது. இருபத்தெட்டாம் தேதி வேலூருக்குப் போனேன். டாக்டர் தன் உள்ளங்கையைக் காட்டி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன், அவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம், கவியா ஜமுனாமரத்தூரில் நிற்கும் நேரத்தில், கீதாஞ்சலியைக் கூட்டிக்கொண்டு போய் ஏறிப் பார்த்தேன். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு என் சீட். உட்கார்ந்ததும் கண் கலங்கியது, காட்டிக்கொள்ளவில்லை. இன்ஜினை அணைத்து வைத்துக் கிளட்சை மிதித்தேன். இறங்கியது, இறங்கியது, கடைசி ஒரு அங்குலத்தில் என் கால் முடிந்துவிட்டது. முட்டி அதற்கு மேல் நீளவில்லை. இடுப்பைச் சாய்த்து எக்கினால் எட்டியது. முந்நூறு தடவை எக்கிக்கொண்டு யாரும் வண்டி ஓட்ட முடியாது.

"அந்த அஞ்சு டிகிரி எப்போ வரும்?" என்றேன்.

"வரலாம். வராமலே போவலாம்."

"நாளிக்கி ஒண்ணாந்தேதி!" என்று கத்தினேன். "இவ்ளோ பண்ணி, ஒரு அங்குலத்துல போவுதே எல்லாம்!"

கீதாஞ்சலி குனிந்து கிளட்சைப் பார்த்தாள், என் முட்டியைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். "காலு ஒண்டி தான் மாறணும்னு இன்னாண்ணா கட்டாயம்? இந்த சீட்டு நவராதா?"

நகராது என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். கவியாவின் சீட் போல்ட் போட்டு முடுக்கியது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், எனக்கு முந்தி முனிசாமி என்று ஒரு குள்ளமான டிரைவர் இருந்தார். நான் வந்த அன்று சீட்டைப் பின்னால் தள்ளி முடுக்கியது நான்தான். அப்படியானால் முன்னால் நாலு ஓட்டை இருந்தாக வேண்டும். மணிவேலைக் கூப்பிட்டேன். தரை விரிப்பைக் கிழித்துச் சுரண்டினோம். மண்ணும் கிரீஸும் அடைத்துக்கொண்டு நாலு ஓட்டையும் அங்கேயே இருந்தன.

அன்பரசன் டீக்கடையிலிருந்து ஓடிவந்தான். "இன்னாண்ணா பண்றீங்க? சீட்ட முன்னாடி தள்ளிட்டா என் காலு எங்க வைக்கறது? காலீல கீழ எறக்கறவரைக்கும் நான் தான ஓட்டணும்!"

"ஒரு தடவ மடக்கிகினு ஓட்டு தம்பி. நான் மூணு மாசமா நீட்ட முடியாம கெடந்தேன்" என்றேன். அவன் என்னை முறைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, குனிந்து கடைசி போல்டை அவனே முடுக்கினான். கிளட்சை மிதித்தேன். தரை வரை இறங்கியது. கீதாஞ்சலி ஐம்பது எண்ணும்வரை மிதிக்க வைத்தாள், ஐம்பதும் இறங்கியது.

செப்டம்பர் ஒன்று. ஆலங்காயத்தில் எட்டு முப்பதுக்கு நான் சீட்டில் இருந்தேன். டாக்டர் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்குப் பாதி பஸ்தான் நிரம்பும். அன்றைக்கு நிற்க இடம் இல்லை. ரொட்டியோடு வந்தவர்கள், ரொட்டியோடு வந்து வாசலோடு போனவர்கள், நான் நடிக்கிறேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் கீதாஞ்சலி மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி நிமிஷத்தில் கெங்கம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தின நாளே ஆலங்காயத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். கையில் அதே இலவம்பஞ்சுத் தலையணை.

"நான் எதோ தெரியாம பேசிட்டேன், மனசுல வெச்சிக்காத. இந்தா, இத முட்டிக்கு அடியில வெச்சிகினு ஓட்டு. வலி தெரியாது."

நான் வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் முதலாளி ஏறினார். பஸ்ஸில் வேறு இடம் இல்லை. எனக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டியின் மேல்தான் உட்கார வேண்டும். அது எப்படிச் சுடும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். தலையணையை அதன்மேல் வைத்துத் தட்டினேன்.

"ஒக்காருங்க மொதலாளி. ஒங்களுக்குத்தான் வேணும். மலை ஏறும்போது சூடு தாங்காது."

பஸ் முழுக்கச் சிரித்தது. கெங்கம்மாள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். முதலாளியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மணிவேல் விசில் கொடுத்தான்.

முதல் கொண்டை ஊசி வளைவில் மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. கிளட்ச் தரை வரை போனது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பஸ்ஸில் யாரும் பேசவில்லை, எல்லோரும் என் காலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காவலூர் தாண்டும்போது தொடை நடுங்கத் தொடங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியது. நான் ஒரு கியரைக்கூட மிச்சம் பிடிக்கவில்லை. முதல் கியர் போட வேண்டிய இடத்தில் முதல் கியர்தான் போட்டேன். என் வீட்டு மேட்டில் அமுதவல்லி முறத்தோடு வாசலில் நின்றிருந்தாள். அந்த மேட்டில் வண்டி முக்காமல் ஏறியது.

ஜமுனாமரத்தூரில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். வேப்பமரத்தடியில் டைம் பார்க்கிறவருக்கு என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. முதலாளி அதைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முந்நூத்தி நாலு" என்றாள் கீதாஞ்சலி பின்னாலிருந்து.

"வலிக்குதா டிரைவரே?" என்றார் முதலாளி.

"வலிக்குது" என்றேன். தொடையிலிருந்து கணுக்கால் வரை இழுத்துக்கொண்டு வலித்தது. அது எந்த வலி என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

"அப்போ?"

"அப்போ இன்னா மொதலாளி. அந்த நாற்காலிய டீக்கடைக்காரன்கிட்ட குடுத்துடுங்க. நாளிக்கி எட்டு நாப்பதுக்கு நான் வண்டி எடுக்கணும்."